வன்னிக் காட்டில் கிடக்கும் பழைய விமானத் துண்டு எந்த விமானத்தினுடையது?

குளம் வற்றும்போதோ, காடு வெட்டிக் காணி துப்புரவாக்கும்போதோ வன்னியில் எங்காவது ஒரு பழைய அலுமினியத் தகடோ எஞ்சினோ வெளியே வந்தால், படம் முகநூலில் ஓடத் தொடங்கும், கூடவே கதைகளும் ஓடும். 1942-இல் விழுந்த ஜப்பான் விமானம் என்பார் ஒருவர், போன யுத்தத்தில் விழுந்தது என்பார் இன்னொருவர். இந்த இழுபறிக்குள் அந்தத் துண்டு பழைய இரும்பு வாங்குபவரின் லொறியில் ஏறிவிடும். அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும் சொல்ல ஒன்றும் இருக்காது.

இரண்டாம் உலகப் போரில் பறந்த ஒரு குண்டுவீச்சு விமானத்தின் வரலாறு பெரும்பாலும் தாளில் இருக்கிறது. அந்தத் தாள்கள் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன. அந்தத் தாளையும் இங்கே கிடக்கும் துண்டையும் இணைக்க இரண்டே இரண்டு விஷயங்கள்தான் தேவை: துண்டில் பொறித்திருக்கும் எண், அது கிடந்த சரியான இடம். இந்த இரண்டும் வன்னியில்தான் இருக்கின்றன, முதலில் அழிந்துபோவதும் இவைதான். அதனால் எந்த எண்ணைத் தேடுவது, அதை வைத்து எந்தத் தாளுக்குப் போவது, தாள் எங்கே கைவிடும் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில் ஒன்று: தொடாதீர்கள்

குண்டுவீச்சு விமானம் குண்டு, டார்பிடோ, நீர்மூழ்கிக்கு எதிரான ஆழ்நீர்க் குண்டு, இயந்திரத் துப்பாக்கி ரவை எல்லாம் சுமந்தது. எண்பது வருடம் மண்ணில் கிடந்ததால் அவை செத்துப்போய்விட்டன என்று நினைக்க வேண்டாம், பழசாகப் பழசாகச் சில வெடிபொருள்கள் இன்னும் மோசமாகும். வன்னியில் இதற்கு மேல் மிதிவெடியும் இருக்கிறது. ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் போன்ற அமைப்புகள் வருடக்கணக்காக அகற்றியும் வேலை முடியவில்லை. விமானத்தின் பழைய மானிகளின் முள்ளும் எண்களும் இருட்டில் ஒளிர ரேடியம் பூசியிருப்பார்கள், அதைச் சுரண்டுவதோ வீட்டில் வைத்திருப்பதோ கூடாது.

நின்ற இடத்திலிருந்து படம் எடுங்கள், போனில் இட அமைவை குறித்துக்கொள்ளுங்கள், கிராம உத்தியோகத்தருக்கும் பொலிசுக்கும் சொல்லுங்கள். வெடிபொருள் இல்லை என்று உரியவர்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் கீழே உள்ள எதையும் செய்ய வேண்டும்.

வன்னிக்குக் குண்டுவீச்சு விமானம் எப்படி வந்தது

1942 ஏப்ரல் 5 உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின, ஏப்ரல் 9-இல் திருகோணமலையைத் தாக்கின. அன்றே ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கி மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. கொழும்பிலிருந்து கிளம்பி அந்தக் கப்பல் படையைத் தேடிப்போன 11-ஆம் ஸ்குவாட்ரனின் (பிரித்தானிய விமானப்படையின் ஒரு பிரிவு) 9 பிளெனிம் குண்டுவீச்சு விமானங்களில் 5 திரும்பவில்லை. அதாவது அந்தத் தாக்குதலின் குறி துறைமுகங்களும் கப்பல்களும்தான், வன்னி அதன் பாதையில் பெரிதாக வரவே இல்லை. இங்கே கிடக்கும் துண்டு ஜப்பானுடையது என்ற கதையை நான் எளிதில் ஏற்காததற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம், பிரித்தானிய விமானப்படை இதற்குப் பிறகு வன்னிக்கு உள்ளேயே வந்து உட்கார்ந்தது. ஜப்பானியக் கடற்படை மறுபடி வந்தால் எதிர்க்க வேண்டும் என்று தீவின் உட்பகுதியில் விமானத்தளங்கள் வேலைக்கு வந்தன. மின்னேரியா, சிகிரியா, வவுனியா எல்லாம் அந்தக் கணக்குத்தான். வவுனியாத் தளத்தில் 22-ஆம், 217-ஆம் ஸ்குவாட்ரன்கள் போஃபர்ட் விமானங்களோடு இருந்தன. போஃபர்ட் என்பது இரண்டு எஞ்சின், நான்கு பேர் கொண்ட டார்பிடோ குண்டுவீச்சு விமானம், 1938 அக்டோபரில் முதலில் பறந்தது. 89-ஆம் ஸ்குவாட்ரன் இரவு நேரச் சண்டைக்கு போஃபைட்டர் விமானங்களை வவுனியாவுக்குக் கொண்டுவந்தது. 1944-இல் 22-உம் 217-உம் போஃபர்ட்டை விட்டுவிட்டு போஃபைட்டருக்கு மாறின.

நான்கு எஞ்சின் கொண்ட லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களோடு 160-ஆம் ஸ்குவாட்ரன் சிகிரியா, காங்கேசன்துறை, மின்னேரியா என்று தளம் மாறி மாறி இயங்கியது. சுமாத்திரா வரை போய்ப் படம் எடுத்தது, கடலில் கண்ணிவெடி போட்டது. தாள்களில் காங்கேசன்துறை என்று வரும் தளம்தான் இன்று பலாலி என்று நாம் சொல்லும் இடம். அங்கிருந்து மின்னேரியாவுக்கோ சிகிரியாவுக்கோ போகும் விமானத்தின் கீழே இருப்பது வன்னிக் காடு.

இப்போது முக்கியமான விஷயம். வவுனியாவிலிருந்த போஃபர்ட்கள் காத்திருந்த அந்தப் பெரிய கப்பல் படை மறுபடி வரவே இல்லை. அவர்கள் செய்தது பெரும்பாலும் பயிற்சி, கப்பல்களுக்குத் துணைப் பறப்பு, நீர்மூழ்கி தேடும் ரோந்து. ஆகவே இந்தப் பகுதியில் விழுந்த விமானங்கள் பெரும்பாலும் சுட்டு வீழ்த்தப்பட்டவையாக இருக்க முடியாது, எஞ்சின் நின்றோ மழைக்கால மேகத்தில் வழி தவறியோ ஓடுபாதையில் பிசகியோ விழுந்தவையாகவே இருக்கும். சண்டைக் கதையை எதிர்பார்த்துத் தேடுபவர் தவறான தாளைப் புரட்டிக்கொண்டிருப்பார், இங்கே முதலில் பார்க்க வேண்டியது விபத்துப் பதிவு.

இன்னொன்றும் உண்டு. பழைய தளத்தின் ஓரத்தில் கிடக்கும் உடைசல் எல்லாம் விழுந்த விமானம் அல்ல. விமானம் பழுதாகி, இனி பயனில்லை என்று கணக்கிலிருந்து வெட்டினால், தேவையான பாகங்களைக் கழற்றிக்கொண்டு கூட்டை ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். ஸ்குவாட்ரன் புதிய வகை விமானத்துக்கு மாறும் காலத்தில் இது நிறைய நடக்கும்.

ஒரு விமானத்துக்கு எத்தனை எண்கள்

குழப்பம் பெரும்பாலும் இங்கேதான். மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் மாட்டிய இலக்கத் தகடு வேறு, சேசிஸ் எண் வேறு, எஞ்சின் எண் வேறு என்பது எல்லோருக்கும் தெரியும், விமானத்திலும் அப்படித்தான், ஆனால் இன்னும் கூடுதல்.

1. தொடர் எண். விமானப்படை கொடுத்த எண், விமானம் வாழும் வரை மாறாது. பழையதில் ஒரு எழுத்தும் நான்கு இலக்கமும், 1940-இலிருந்து வந்தவற்றில் இரண்டு எழுத்தும் மூன்று இலக்கமும். வரலாறு தேடுபவருக்கு வேண்டியது இதுதான். எத்தனை விமானம் இருக்கிறது என்று எதிரி கணக்குப் போட்டுவிடக்கூடாது என்று நடுநடுவே எண்களை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள், அதனால் இரண்டு எண்களுக்கு இடையில் இருக்கும் எல்லா எண்ணிலும் விமானம் இருந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

2. ஸ்குவாட்ரன் குறியும் தனி எழுத்தும். 1942 ஏப்ரல் 4-இல் ஜப்பானியக் கப்பல் படையைக் கண்டு செய்தி அனுப்பிவிட்டுச் சுட்டு வீழ்த்தப்பட்ட லெனார்ட் பேர்ச்சல் என்ற கனடிய விமானியின் கட்டலினா என்ற பறக்கும் படகின் தொடர் எண் ஏ.ஜே. 155. கியூ.எல். என்பது அவருடைய 413-ஆம் ஸ்குவாட்ரனின் குறி, ஏ என்பது அந்த ஸ்குவாட்ரனுக்குள் அந்த விமானத்தின் எழுத்து. விமானம் போனால் அதே எழுத்து அடுத்த விமானத்துக்குப் போகும். ஆகவே எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு விமானத்தைப் பிடிக்க முடியாது, திகதியும் வேண்டும்.

3. செய்த தொழிற்சாலையின் எண், அமெரிக்க விமானமானால் அமெரிக்கப் படையின் எண்ணும் சேர்த்து. லிபரேட்டர்களுக்கு இது கட்டாயம்.

4. பாக எண். சின்னத் தகட்டிலோ வார்ப்பிலோ பொறித்திருப்பது. இது விமானத்தின் வகையைச் சொல்லும், எந்த விமானம் என்று சொல்லாது. காட்டில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான், இதைத் தொடர் எண் என்று நினைத்து இணையத்தில் தேடி ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

5. எஞ்சின் எண். எஞ்சினைக் கழற்றி வேறு விமானத்தில் மாட்டுவது அன்றாட வேலை. ஆனாலும் சில விபத்துக் கோப்புகளில் எஞ்சின் எண் எழுதியிருப்பார்கள், அப்போது இதைவிட நல்ல சாட்சி இல்லை.

எண் மாறிக்கொண்டே போனாலும் ஒரே விமானத்தை எப்படிப் பின்தொடரலாம் என்பதற்கு இந்தியப் பெருங்கடலிலேயே ஒரு அருமையான உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் செய்த ஒரு லிபரேட்டருக்கு அங்கே 44-50206 என்று எண். பிரித்தானியாவுக்கு வந்தபோது கே.என். 751. 1945-இல் 99-ஆம் ஸ்குவாட்ரனோடு கொக்கோஸ் தீவுகளில் இருந்தது. போர் முடிந்ததும் கடன் குத்தகையில் (போர்க்காலத்தில் அமெரிக்கா நேசநாடுகளுக்குக் கருவிகள் கொடுத்த திட்டம்) வந்த லிபரேட்டர்களைத் திரும்ப யாரும் பறக்க முடியாதபடி சேதப்படுத்தி இந்தியாவில் கான்பூரில் விட்டுவிட்டார்கள். 1948-இலிருந்து பெங்களூர் இந்துஸ்தான் விமான நிறுவனம் அந்தக் குவியலிலிருந்து நாற்பது போல எடுத்துத் திருத்திப் பறக்க வைத்தது, நமது விமானம் எச்.இ. 807 என்ற இந்திய எண்ணோடு 6-ஆம் ஸ்குவாட்ரனில் கடல் ரோந்துக்குப் போனது. 1968-இல் இந்தியா லிபரேட்டர்களை நிறுத்தியது. 1974-இல் இது பிரித்தானிய விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் பறந்துபோனது, இன்றும் இருக்கிறது. மூன்று எண், மூன்று படை, ஒரே உடம்பு. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே தாளில் யாரோ எழுதி வைத்ததால்தான் இவ்வளவும் தெரிகிறது.

எதிர்ப்பக்க உதாரணமும் அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்குள்ள போஃபர்ட் டி.டி. 931 என்ற பிரித்தானிய எண்ணைப் பூசிக்கொண்டு நிற்கிறது, ஆனால் அது நியூகினியில் கிடந்த ஆஸ்திரேலியத் தயாரிப்புப் போஃபர்ட்களின் உடைசல்களைச் சேர்த்துக் கட்டியது. பூசிய எண்ணை நம்பக்கூடாது, உலோகத்தில் அடித்த எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

துண்டைப் பார்த்து வகையைச் சொல்வது

எஞ்சின் கிடைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. நடுவில் ஒரு உருண்டைப் பெட்டி, அதைச் சுற்றி வட்டமாகச் சிலிண்டர்கள் என்றால் அது ரேடியல் எஞ்சின். நமது யுத்தத்தில் பறந்த ஜெட்களிலும் அவ்ரோ, அன்டனோவ் போன்ற போக்குவரத்து விமானங்களிலும் இருந்தவை வேறு வகை, அவற்றில் சின்னச் சின்ன விசிறித் தகடுகள் வரிசை வரிசையாக இருக்கும். ஆக, வட்டமான சிலிண்டர்கள் என்றாலே நாம் பல பத்தாண்டு பின்னால் போகிறோம்.

அடுத்து சிலிண்டர்களை எண்ணுங்கள். ஒரே வரிசையில் 9 என்றால் பிளெனிமின் மெர்க்குரி எஞ்சின் பக்கம் பாருங்கள். இரண்டு வரிசையில் 14 என்றால் இன்னொரு கேள்வி: சிலிண்டரின் தலைக்கு மேலே ஏறிப்போகும் மெல்லிய புஷ் ராட் (வால்வைத் தள்ளும் கம்பி) குழாய்கள் இருக்கின்றனவா? இல்லையென்றால் அது பிரிஸ்டல் நிறுவனத்தின் ஸ்லீவ் வால்வு எஞ்சின் (வழக்கமான வால்வுக்குப் பதில் சிலிண்டருக்குள் நகரும் உறை கொண்டது), அதாவது போஃபர்ட் மார்க் 1-இன் டாரஸ், அல்லது போஃபைட்டரின் ஹெர்குலிஸ். குழாய்கள் இருந்தால் அமெரிக்க டுவின் வாஸ்ப் ஆகலாம். இங்கே நிதானம் வேண்டும், ஏனென்றால் டுவின் வாஸ்ப் போஃபர்ட் மார்க் 2-இலும் லிபரேட்டரிலும் கட்டலினாவிலும் டக்கோட்டா என்ற போக்குவரத்து விமானத்திலும் இருந்தது. டக்கோட்டா போர் முடிந்த பிறகும் இந்த வானத்தில் பறந்தது, 1947 டிசம்பர் 10-இல் எயார் சிலோன் தன் முதல் சேவையை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு ஓட்டியது அதில்தான்.

எஞ்சின் இல்லை, தகடு மட்டும்தான் என்றால் பாக எண்ணின் தொடக்கத்தைப் பாருங்கள். பிரிஸ்டல் நிறுவனம் தன் மாதிரி எண்ணைப் பாகங்களில் முன்னால் போடும் பழக்கம் கொண்டது: 152 என்றால் போஃபர்ட், 156 என்றால் போஃபைட்டர். கன்சாலிடேட்டட் நிறுவனத்துக்கு 32 லிபரேட்டர், 28 கட்டலினா. கிரீடமும் ஏ.எம். என்ற எழுத்தும் இருந்தால் பிரித்தானிய விமான அமைச்சின் பொருள், ஆனால் அப்படிப்பட்ட மானியோ சுவிட்சோ பல வகை விமானங்களில் இருந்தது, அதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு அளவுகோலை வையுங்கள். எண்ணைச் சுத்தம் செய்கிறோம் என்று கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், அலுமினியத்தில் மெல்லியதாக அடித்த எண் ஒரே தேய்ப்பில் போய்விடும்.

வகையிலிருந்து தாளுக்கு

பிரித்தானிய விமானப்படையில் ஒரு விமானத்தைப் பற்றி மூன்று விதமான தாள் உண்டு.

முதலாவது படிவம் 78, விமானத்தின் நடமாட்ட அட்டை. தொழிற்சாலையிலிருந்து எந்தப் பராமரிப்பு நிலையம், எந்த ஸ்குவாட்ரன், கடைசியில் எந்தத் திகதியில் கணக்கிலிருந்து வெட்டப்பட்டது என்று வரிசையாக இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நமக்கு இதில் ஒரு பெரிய ஓட்டை. விமானம் பிரித்தானியாவை விட்டுக் கப்பலேறியதும் அட்டை கிட்டத்தட்ட ஊமையாகிவிடும். இந்தியா என்றோ தென்கிழக்காசியக் கட்டளையகம் என்றோ ஒரு வரி, அப்புறம் நேரே வெட்டிய திகதி. வவுனியாவில் இருந்த மாதங்களை அதில் தேடினால் பெரும்பாலும் வெறும் இடைவெளிதான் கிடைக்கும்.

இரண்டாவது படிவம் 1180, விபத்து அட்டை. திகதி, இடம், தொடர் எண், காரணம் சுருக்கமாக. வன்னிக்கு இதுதான் தங்கம். சேதத்தின் அளவை எழுத்தால் குறிப்பார்கள், ஆங்கில எழுத்து இ (E) என்றால் திருத்த முடியாத அளவு.

மூன்றாவது ஸ்குவாட்ரனின் நாட்குறிப்பு, படிவம் 540-உம் 541-உம். 540 நாளாந்த நிகழ்வு, 541 ஒவ்வொரு பறப்பின் விவரம்: தொடர் எண், பறந்தவர்கள், போன நேரம், வந்த நேரம். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ.ஐ.ஆர். 27 என்ற வரிசையில் ஸ்குவாட்ரன்கள், 28-இல் தளங்கள், 29-இல் பராமரிப்பு, மீட்பு அலகுகள். ஸ்குவாட்ரன் குறிப்புகளில் பெரும்பகுதி இணையத்திலேயே கிடைக்கும், வவுனியாவில் இருந்துகொண்டு பார்க்கலாம்.

தேடும் முறையை ஒரு கற்பனை உதாரணத்தோடு சொல்கிறேன். செட்டிகுளம் பக்கத்தில் ஒரு ஸ்லீவ் வால்வு எஞ்சினும் 152-இல் தொடங்கும் பாக எண்ணும் கிடைத்தன என்று வையுங்கள். போஃபர்ட் மார்க் 1. அப்படியானால் 22-உம் 217-உம் வவுனியாவில் போஃபர்ட் வைத்திருந்த காலம் மட்டும்தான் நமக்கு வேண்டும், 1944-இல் போஃபைட்டர் வந்ததோடு சாளரம் மூடிக்கொள்கிறது. அந்த மாதங்களின் 540-ஐ வரி வரியாகப் படித்து, இழந்த விமானங்களைப் பட்டியலிடுங்கள். வவுனியாவிலிருந்து இத்தனை மைல், இன்ன திசை என்றோ, பக்கத்துக் குளத்தின் பெயரைச் சொல்லியோ இடத்தை எழுதியிருந்தால் அதைப் பழைய ஒரு அங்குல (ஒரு மைலுக்கு ஒரு அங்குலம் என்ற அளவில் வரைந்த) வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். பட்டியல் இரண்டு மூன்று விமானமாகச் சுருங்கும், அதன்பின் அந்தத் தொடர் எண்களின் விபத்து அட்டைப் பிரதிக்குப் பிரித்தானிய விமானப்படை அருங்காட்சியகத்துக்கு எழுதலாம்.

இதில் ஊர்க்காரரின் அறிவு இல்லாமல் லண்டன் தாள் மட்டும் போதாது. குளங்களின் பழைய பெயர், காட்டுப் பாதை எங்கே ஓடியது, எந்தக் குடியேற்றம் பிறகு வந்தது என்பதெல்லாம் இங்குள்ள முதியவர்களுக்குத்தான் தெரியும். இடப்பெயர்வுகளில் ஊரே கலைந்த இடத்தில் இது இன்னும் அவசரமான வேலை. 1943-ஐக் கண்ணால் பார்த்தவர்கள் இன்று எண்பதுகளின் நடுவைத் தாண்டியவர்கள்.

நேரத்தில் ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். இலங்கையின் கடிகாரம் 1942 ஜனவரியில் அரை மணி முன்னால் தள்ளப்பட்டது, செப்டம்பரில் இன்னொரு அரை மணி, 1945 அக்டோபரில்தான் பழையபடி ஆனது. சில தாள்கள் கிரீனிச் நேரம், சில உள்ளூர் நேரம். இரவில் விழுந்த விமானம் ஒரு தாளில் ஒரு திகதியிலும் மற்றதில் அடுத்த திகதியிலும் இருந்தால் அது இரண்டு விபத்து என்று எண்ணிவிடாதீர்கள்.

ஆட்கள் வழியாகவும் வரலாம். இறந்தவர்களின் கல்லறை திருகோணமலை, கொழும்பு லிவரமெந்து, கண்டி போர் மயானங்களில் இருக்கலாம், உடல் கிடைக்காதவர்களின் பெயர் பெரும்பாலும் சிங்கப்பூர் நினைவுச் சின்னத்தில். பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் பட்டியலில் ஸ்குவாட்ரனும் திகதியும் போட்டுத் தேடினால், ஒரே நாளில் ஒரே ஸ்குவாட்ரனில் இறந்த நான்கு பேர் என்று ஒரு போஃபர்ட்டின் முழுக் குழுவே வெளியே வரும். நான்கு பேருக்கும் கல்லறை இருந்தால் அந்த விமானத்தை அப்போதே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அர்த்தம், இல்லையென்றால் காட்டிலோ கடலிலோ அது இன்னும் கிடக்கலாம்.

சட்டமும் எலும்பும்

தொல்பொருள் சட்டம் இதைக் காப்பாற்றும் என்று பலர் நினைக்கிறார்கள். 1940-ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பழம்பொருள் என்று எடுத்துக்கொள்வது 1815 மார்ச் 2-க்கு முந்தியதை, 1943-இல் விழுந்த விமானம் அதற்குள் தானாக வராது. அதனால்தான் பழைய இரும்பு லொறி தடையில்லாமல் வருகிறது. வவுனியாப் பழைய தளம் இன்று இலங்கை விமானப்படையின் முகாம், அங்கே அனுமதியில்லாமல் நுழைந்து தேடுவதற்கும் இடமில்லை.

துண்டோடு எலும்பு தெரிந்தால் எல்லாம் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அது 1943-இன் விமானி என்று நாமே முடிவெடுக்க முடியாது. காணாமல் போனவர்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நிறைந்த மண் இது, எந்த யுத்தத்தின் எலும்பு என்பதைச் சொல்ல வேண்டியது நீதவானின் உத்தரவும் சட்ட மருத்துவ அதிகாரியின் பரிசோதனையும். பிரித்தானிய விமானியாக இருக்கலாம் என்று தெரிந்தால் விஷயம் தூதரகம் வழியாக அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சுக்குப் போகும். அடையாளம் உறுதியானால் புதைப்பது யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் பொறுப்பு.

எலும்பு இல்லை, வெடிபொருளும் இல்லை என்றால், விற்பதற்கு முன் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: எஞ்சின் தகடு, பாக எண்கள், தெரியும் எழுத்துகள் எல்லாவற்றையும் கிட்டப் படம் எடுங்கள், எந்தத் துண்டு எங்கே எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று ஒரு கைவரைபடம் போடுங்கள், இட அமைவு, திகதி, கண்டவர் சொன்னது மூன்றையும் அதே தாளில் எழுதுங்கள். ஒரு பிரதி பிரதேச செயலகத்தில், ஒரு பிரதி ஊர் நூலகத்தில் இருக்கட்டும். உலோகம் போனாலும் அந்தத் தாள் இருந்தால் லண்டன் அட்டையோடு ஒப்பிட முடியும்.